தற்காப்பு முன்வரிசையில் தொடங்குகிறது

சிலாங்கூரின் செமினி வட்டாரத் திடல்களில் கோல் விழுந்தால் முதலில் ஏச்சு வாங்குபவர் கோல் காவலர். அடுத்து, பின்வரிசையில் நிற்பவர்கள். எதிரணி நிதானமாக நிமிர்ந்து பார்த்துப் பந்தை அனுப்ப அவகாசம் கொடுத்த முன்வரிசையை யாரும் கேட்பதில்லை. மலேசியாவின் முன்னாள் கோல் காவலர் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகத்தின் நீண்ட கைகள் எல்லா அணிக்கும் வாய்ப்பதில்லையே!

தற்காப்பில் இரு பெரும் மரபுகள் உண்டு. ஒன்று, பின்வாங்கிக் காத்திருப்பது. 1930களில் சுவிட்சர்லாந்தில் கார்ல் ரப்பான் வகுத்த ‘தாழ்ப்பாள்’ முறை அதன் மூத்த வடிவம். இத்தாலியில் அது கத்தேனாச்சியோவாக வளர்ந்தது. 1964, 1965இல் பயிற்றுநர் ஹெரேராவின் இன்டர் மிலான் அந்த ஆட்டத்தால்தான் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. குறைத்து மதிப்பிட முடியாத மரபு.

மற்றது, பந்து இருக்கும் இடத்துக்கே போய் நெருக்குவது. 1960களில் டைனமோ கீவ் அணியில் விக்டர் மஸ்லோவ் இதை ஒழுங்காக்கினார். அயாக்ஸில் ரினுஸ் மிக்கெல்ஸ் வளர்த்தார். அரிகோ சாக்கியின் மிலான் (1989, 1990 ஐரோப்பிய வெற்றியாளர்) அதற்கு அளவுகோலே வைத்தது: முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே ஏறக்குறைய 25 மீட்டர்தான். ஒருவர் மட்டும் ஓடி நெருக்கினால் அவர் முதுகுக்குப் பின்னால் பந்து சுலபமாகக் கடந்துவிடும். அணி முழுவதும் சேர்ந்து நகர வேண்டும்.

அமெரிக்கக் காற்பந்திலும் கணக்கு இதேதான். பிப்ரவரி 2008 சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில், அந்தப் பருவம் முழுதும் தோல்வியே காணாத பேட்ரியட்ஸ் அணியை ஜயன்ட்ஸ் அணி 17–14 என வென்றது. பேட்ரியட்ஸுக்காகப் பந்தெறியும் டாம் பிரேடியை ஜயன்ட்ஸ் வீரர்கள் ஐந்து முறை மடக்கி வீழ்த்தினார்கள். எறிபவருக்கு நேரம் இல்லையென்றால், பின்னால் காப்பவர் நெடுநேரம் துரத்த வேண்டியதில்லை.

நம் நாட்டுச் சான்றும் இருக்கிறது. 2010 தென்கிழக்காசிய சுசுகி கிண்ணக் குழு ஆட்டத்தில் பயிற்றுநர் கே. ராஜகோபாலின் மலேசிய அணி இந்தோனேசியாவிடம் 1–5 எனத் தோற்றது. அதே எதிரணியை டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில், இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் 3–0 என வீழ்த்தியது. 61ஆம் நிமிடத்தில் விழுந்த முதல் கோலைப் பாருங்கள். இந்தோனேசியத் தற்காப்பாளர் மாமானை நோர்ஷாருல் இட்லான் விடாமல் நெருக்கிப் பந்தைப் பறித்தார்; சாஃபி சாலி கோலாக்கினார். நம் இளையர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய கோல் அது. ஜகார்த்தாவில் அடுத்த ஆட்டம் 1–2 எனப் போனாலும், மொத்தம் 4–2. மலேசியா அந்தக் கிண்ணத்தை வென்றது அதுவே முதன்முறை.

சிலாங்கூர் வெயிலில் தொண்ணூறு நிமிடமும் இப்படி ஓட முடியாது. சமயம் பார்த்துத்தான் பாய வேண்டும்: எதிரி முதுகு காட்டிப் பந்தை வாங்கும்போது, முதல் தொடுதல் பிசகும்போது, கோட்டோரம் ஒதுங்கும்போது. பயிற்றுநர்கள் கோல்களோடு இன்னொன்றையும் குறித்து வரட்டும்: நாம் குறுக்கிடுவதற்குள் எதிரணி எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறது என்பதை. வாரந்தோறும் அந்த எண் குறைகிறதா என்று பார்த்த பிறகு பின்வரிசையை ஏசலாம்.