விசாரிப்பும் விசாரணையும்: பணித்தளப் பயண அறிக்கைகளைக் குறித்து

ஆப்பிரிக்க நாடுகளில் பள்ளிகளுக்கும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் உதவிவரும் சிறு அறநிறுவனங்கள் பல உள. அவற்றின் பொறுப்பாளர் அவ்வப்போது பணித்தளம் சென்று, கண்டவற்றை அறிக்கையாக எழுதி, உதவியளித்தோருக்கு அனுப்புவது வழக்கம். இவ்வறிக்கைகளை இலக்கியமென்று எவரும் கொள்வதில்லை. ஆயினும் அக்கண்டத்தைப்பற்றிச் சபையார் பலர் வாசிப்பது இவற்றையே. ஆதலால் இவற்றையும் திறனாய்வுக்கு உட்படுத்துதல் தகும். மலாவி நாட்டை முன்னிறுத்தி இதனைச் செய்ய விரும்புகிறோம். ஸ்காட்லாந்து அருட்பணியாளர் 1875இல் லிவிங்ஸ்டோனியா பணியையும் 1876இல் பிளாண்டயர் பணியையும் அங்குத் தொடங்கினர். அவ்வுறவு இன்றளவும் நீடிக்கிறது. 2005இல் இரு நாட்டு அரசுகளும் ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. சிறு நிறுவனங்களும் சபைக் குழுக்களும் அங்கு ஏராளம்.

முதலில் நிறையைக் கூறுவோம். 1994இல் மலாவி அரசு தொடக்கக் கல்வியில் கட்டணத்தை நீக்கியது. ஓராண்டிற்குள் மாணவர் தொகை சுமார் 19 இலட்சத்திலிருந்து ஏறத்தாழ 30 இலட்சமாயிற்று. கட்டடமும் ஆசிரியரும் அவ்வேகத்தில் பெருகவில்லை, மரநிழல்கள் வகுப்பறைகளாயின. இத்தகைய நாட்டில் ஒரு தகரக் கூரையும், நாற்பது பெஞ்சுகளும், பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு கழிப்பறையும் அற்பமானவை அல்ல. அவற்றைக் கட்டித்தந்து, மீண்டும் நேரில் சென்று பார்க்கிறவர்களை நாம் மதிக்கிறோம்.

ஆனால் 'சென்று பார்த்தல்' என்பது யாது? யாக்கோபு 1:27இல் மாசில்லாத பக்திக்கு இலக்கணமாகக் கூறப்படும் கிரேக்க வினைச்சொல் 'எபிஸ்கெப்டொமாய்' என்பதாகும். மத்தேயு 25:36இல் வியாதியஸ்தரைப் பார்க்க வந்தவர்களைக் குறித்தும், லூக்கா 1:68இல் தம் ஜனத்தைச் சந்தித்த தேவனைக் குறித்தும் வருவது இச்சொல்லே. கண்காணியைக் குறிக்கும் 'எபிஸ்கொபொஸ்' என்பதும் இதே வேரினது. நம் பழைய திருப்புதல் யாக்கோபிலும் மத்தேயுவிலும் இதனை 'விசாரிக்க' என்றே பெயர்த்துள்ளது. தமிழில் அச்சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. நலம் விசாரித்தல் ஒன்று; கணக்கு விசாரித்தல் மற்றொன்று. முன்னது விசாரிப்பு, பின்னது விசாரணை.

விசாரணையில் இவ்வறிக்கைகள் குறைவுடையன அல்ல. இத்தனை போர்வைகள், இத்தனை சீருடைகள், இத்தனை மூட்டை சிமெண்ட் என்று எண்ணிக் காட்டுகின்றன. இதனை நாம் குறைகூறவில்லை. காணிக்கைப் பணத்தைக் கையாளுவதில் பழிக்கு இடமில்லாதபடி பவுலடிகள் எவ்வளவு எச்சரிக்கையாயிருந்தார் என்பதை 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம் காட்டுகிறது. குறை விசாரிப்பில்தான் உளது. யாக்கோபு திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஒரே உபத்திரவத்தில் இணைத்துக் கூறுகிறார். அறிக்கைகளோ பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு விதவையை விட்டுவிடுகின்றன. படத்தில் பிள்ளை தனியே நிற்கிறது. காலையில் அதைக் குளிப்பாட்டி அனுப்பிய பாட்டி படத்தில் இல்லை.

இது சிறு விடுதலன்று. தாய் தந்தையரில் ஒருவரை இழந்த பிள்ளையையும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் 'அநாதை' என்ற கணக்கிலேயே சேர்க்கிறது. அவ்வாறு கணக்கிடப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருக்கின்றனர். இருவரையும் இழந்தவருள்ளும் மிகப் பலர் உறவினர் வீட்டிலேயே வளர்கின்றனர். வேதத்தின் வழக்கும் இதுவே. புலம்பல் 5:3 தகப்பனற்றோரையும் விதவைகள்போலான தாய்மாரையும் ஒரே வசனத்தில் வைக்கிறது. மலாவி மக்களின் சிச்சேவா மொழி இன்னும் தெளிவானது. அநாதைப் பிள்ளைகள் 'அனா அமசியே'. விதவைகள் 'அகாசி அமசியே'. இருவருக்கும் அடைமொழி ஒன்றே.

பயணத்தின் காலமும் கவனிக்கத்தக்கது. ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1983இல் வெளியிட்ட கிராம வளர்ச்சி பற்றிய நூலில், வெளியார் தார்ச்சாலை ஓரத்தையும், திட்டம் நடக்கும் இடத்தையும், வறண்ட பருவத்தையுமே காண்கின்றனர் என்று எடுத்துக்காட்டினார். மலாவிக்கு இது முற்றும் பொருந்தும். அங்கு மக்காச்சோளம் ஏப்ரல் வாக்கில் அறுவடையாகிறது. அதற்கு முந்திய மழைமாதங்களே பசியின் மாதங்கள், பாதைகளும் சேறாகும். மேலைநாட்டுக் கோடைவிடுமுறையில் வருகிறவர் காண்பது அறுவடைக்குப் பிந்திய கிராமத்தை. ஜனவரியில் அதே பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பதற்கு அவரது அறிக்கையில் விடை இராது.

பார்வையில் நேரும் குறை செயலிலும் வெளிப்படும். தனியே நிற்கும் பிள்ளையைக் கண்டவர் விடுதி கட்ட நினைப்பார். பாட்டியோடு நிற்கும் பிள்ளையைக் கண்டவர் வீட்டைத் தாங்க நினைப்பார். வறுமை ஒன்றையே காரணமாக்கிப் பிள்ளையைக் குடும்பத்தினின்று பிரிக்கலாகாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற நெறிமுறைகள் கூறுகின்றன. மலாவி அரசு 2006இல் மிச்சிஞ்சி மாவட்டத்தில் மிக ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்க உதவி வழங்கத் தொடங்கியது. 'ம்துகுல பாக்கோமோ' எனப்படும் அத்திட்டத்தின் பெயருக்கு வீட்டை உயர்த்துதல் என்பது பொருள். 2004 முதல் எச்.ஐ.வி. மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாயிற்று. 2011 முதல் அத்தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் வாழ்நாள் முழுதும் அது உரியதாயிற்று. தாயைப் பிழைக்கவைப்பதே பிள்ளை அநாதையாகாமல் தடுக்கும் வழி. கடன்கொடுத்தவன் இரு பிள்ளைகளையும் கொண்டுபோக வந்தபோது எலிசா அவர்களை வேறிடத்திற்கு அழைத்துச் செல்லவில்லை. வீட்டில் என்ன இருக்கிறதென்று அந்த விதவையையே கேட்டார்.

உறவினர் எல்லாரும் அன்புள்ளவரோ, மாண்டவனின் உடைமையைப் பறித்துக்கொண்டு பிள்ளையை வேலைக்காரனாக்குவோர் இல்லையோ என்று சிலர் வினவலாம். உண்டு, அத்தகைய பிள்ளைகளுக்கு அடைக்கலம் வேண்டும். ஆனால் எந்த வீடு அத்தகையது என்பதை வீட்டுக்குள் சென்றவரன்றி யார் அறிவார்? இவ்வினாவே விடுதியை மட்டும் பார்த்துத் திரும்பும் பயணத்தின் போதாமையைக் காட்டுகிறது.

எனவே, இத்தகைய பணிகளுக்காகச் சபையில் காணிக்கை சேர்க்கும் ஆயர்களும், நாளை அறிக்கை எழுதவிருக்கும் இறையியல் மாணவர்களும் மூன்று கேள்விகளோடு அறிக்கைகளை வாசிக்கும்படி வேண்டுகிறோம். இப்பிள்ளையை வளர்ப்பவர் யார்? பசிக்காலத்தில் அவ்வீட்டின் நிலை யாது? உதவி எவ்வடிவில் வரவேண்டுமென்று அவர் கூறினார்? இவற்றிற்கு விடை தராத அறிக்கை கணக்கில் நேர்மையானதாயிருக்கலாம். யாக்கோபு கூறிய விசாரிப்பு அதில் இன்னும் தொடங்கவில்லை.