பழைய மடிக்கணினியின் பழுதும் கோப்பு மீட்பும்: அவிநாசிபாளையத்திலும் யாழ்ப்பாணத்திலும்

பழைய மடிக்கணினியை ஓட வைப்பது ஒரு வேலை, அதற்குள் இருக்கும் கோப்புகளை மீட்பது வேறு வேலை. முதலாவதில் தவறினால் இன்னொரு பாகம் வாங்கிப் போடலாம். இரண்டாவதில் தவறினால் போனது போனதுதான். கொங்கு நாட்டிலும் இலங்கையின் வடக்கிலும் இவை ஒரே கருவிகளால்தான் நடக்கின்றன. எந்த வேலையை முதலில் எடுப்பது என்பதில் மட்டும், உதிரிபாகம் எவ்வளவு தொலைவில் கிடைக்கிறது என்பதற்குப் பெரும்பங்கு உண்டு.

பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் இடையே, திருப்பூர்–தாராபுரம் சாலை குறுக்கிடும் ஊர் அவிநாசிபாளையம். இத்தகைய ஊர்களில் பழுதுக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்தவை. மற்றொன்று, பனியன் கம்பெனிகளிலும் ஜாப் ஒர்க் கூடங்களிலும் கணக்கெழுத வைத்திருப்பவை. பின்னதன் முதல் பகை பஞ்சுத்தூசி. அது விசிறி வழியே உள்ளே இழுபட்டு, வெப்பம் கடத்தும் மெல்லிய தகடுகளின் வாயில் கம்பளித் துண்டுபோல் படிந்து காற்றை அடைக்கிறது. சூடேறிய இயந்திரம் ஐந்து பத்து நிமிடங்களில் தானாகவே அணையும். ‘போர்டு போய்விட்டது’ என்று ஒதுக்கப்பட்ட பல இயந்திரங்கள், தூசியை எடுத்து, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றியதும் ஓடிவிடும்.

பாகம் தேவைப்பட்டால் திருப்பூரும் கோவையும் பக்கம்; சென்னை ரிச்சி தெருவிலிருந்தும் கூரியரில் வரவழைக்கலாம். இந்த வசதியிலேயே ஆபத்தும் இருக்கிறது. இயந்திரம் ஓடினால் போதும் என்ற அவசரத்தில் டிஸ்கை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடுகிறார்கள். பனியன் கம்பெனிக்கு அது பேரிழப்பு. டேலி இஆர்பி 9 ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கையும் ஐந்து இலக்க எண் கொண்ட ஃபோல்டரில் பல கோப்புகளாகப் பிரித்து வைக்கும். அழிந்த டிஸ்கைத் துருவும் ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள் படங்களை மீட்டுவிடும். ஆனால் பழைய பெயரும் ஃபோல்டர் அமைப்பும் திரும்ப வராது. கல்யாணப் படத்தைப் பெயர் இல்லாவிட்டாலும் பார்க்கலாம், பெயரும் ஃபோல்டரும் இழந்த டேலி கோப்புகள் உதவாது.

யாழ்ப்பாணத்தின் பழக்கம் வேறு சூழலில் உருவானது. 1990களின் முற்பகுதியில், போர்க்காலத்தில், குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பேட்டரிகள் அரசின் தடைப் பட்டியலில் இருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை அது. இருப்பதைத் திருத்தியே தீரவேண்டும் என்ற பழக்கத்துக்கு அங்கே ஆழமான வேர் உண்டு. இன்று பாகங்கள் பெரும்பாலும் கொழும்பிலிருந்து வரவேண்டும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா அங்குள்ள பெயர்பெற்ற கணினிச் சந்தை. 2022 பொருளாதார நெருக்கடியில் டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயை ஒட்டி ஏறியதும் பாகங்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பும் இயந்திரங்களிலும் சிக்கல் உண்டு: பிரான்சிலிருந்து வருவதில் ஏ எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் கியூ இருக்கும், உடைந்தால் அதே விசைப்பலகை கிடைப்பது அரிது. பாகத்துக்காக இயந்திரம் காத்திருக்க நேர்வதால், டிஸ்கைக் கழற்றிக் கோப்பை முதலில் எடுப்பது அங்கே இயல்பான வழி. வசதி மிகுந்த திருப்பூர் வட்டாரமும் பின்பற்றவேண்டிய முறை இதுவே.

டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், 2.5 அங்குல சாட்டா வகையை யூஎஸ்பி கேஸில் பொருத்தி இன்னொரு கணினியில் நகலெடுக்கலாம். படிக்கத் திணறினால் செக்டிஸ்க் ஓட்டக்கூடாது; அது டிஸ்கிலேயே எழுதித் திருத்த முயலும். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ கொண்டு முழு நகல் எடுத்து, நகலில்தான் மீட்பு வேலை நடக்கவேண்டும். எதுவரை படித்தது என்ற குறிப்பை அது தனிக் கோப்பில் வைத்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட இலங்கைக்கு இது பெரிய உதவி.

எஸ்எஸ்டியில் அழித்த கோப்பை மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. டிரிம் கட்டளை கிடைத்ததும் அது அந்த இடத்தைத் துடைத்துவிடும். பிட்லாக்கர் பூட்டு உள்ள இயந்திரத்தில் மதர்போர்டை மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அதை முன்பே எடுத்து வைக்காவிட்டால் பாகம் கிடைத்தும் பயனில்லை. ‘டக் டக்’ என்று ஒலிக்கும் ஹார்டு டிஸ்கை இரு நாட்டிலும் உடனே நிறுத்தவேண்டும். தூசியற்ற அறையில் மட்டுமே அதைத் திறக்கலாம். பஞ்சு பறக்கும் ஊரில் மேசைமேல் வைத்துத் திறந்தால் மிச்சமிருக்கும் வாய்ப்பும் போய்விடும்.