பூசை காண்பதும் பங்கேற்பதும்

கத்தோலிக்கத் திருப்பலியை எடைபோட வெளியிலிருந்து அளவுகோல் தேட வேண்டியதில்லை. திருச்சபையே ஒன்றை வகுத்து வைத்திருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. ஆதரித்தவர்கள் 2147 பேர், எதிர்த்தவர்கள் 4 பேர். மக்கள் முழுமையாகவும் பொருள் உணர்ந்தும் ஈடுபாட்டோடும் வழிபாட்டில் பங்கேற்க வேண்டும் என்பதே சீர்திருத்தத்தின் தலையாய நோக்கம் என்றது அந்த ஏடு. அதுவரை பூசை லத்தீனில் நடந்தது. குரு பீடத்தைப் பார்த்து நின்று தணிந்த குரலில் செபிப்பார். மக்களில் பலர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்து, மணி ஒலித்ததும் நிமிர்ந்து பார்ப்பார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சங்கத்தின் நோக்கம் நம் பங்குகளில் பாதிதான் நிறைவேறியிருக்கிறது.

நிறைவேறிய பாதி சாதாரணமானதல்ல. ஞாயிறு வாசகங்கள் இப்போது மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன: ஓராண்டு மத்தேயு, அடுத்தது மாற்கு, அதற்கடுத்தது லூக்கா, யோவான் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் அதிகம். எழுத்தறியாத ஒரு பாட்டியும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போனால் மூன்றே ஆண்டில் நற்செய்திகளின் பெரும்பகுதியைத் தாய்மொழியில் கேட்டுவிடுவார். குருவும் தனக்குப் பிடித்த பகுதியை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாது. தனக்குச் சங்கடமான வாசகத்துக்கும் அவர் மறையுரை ஆற்றியாக வேண்டும். இந்த ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன்.

நிறைவேறியதில் இன்னொன்றும் உண்டு: 1969இல் இந்திய வழிபாட்டுக்கென 12 மாற்றங்களுக்கு உரோமை இசைவு தந்தது. அந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர், பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை வளர்த்தெடுத்த தமிழ்க் குரு அமலோர்பவதாஸ். ஆரத்தி, எண்ணெய் விளக்கு, தரையில் அமர்தல் எல்லாம் அதில் இருந்தன. கடுமையான எதிர்ப்பும் எழுந்தது. இன்று ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பிக் கைகூப்பிச் சமாதானம் சொல்வதை எவரும் அந்நியமாக நினைப்பதில்லை.

குறைகளில் சில மேலோட்டமானவை. சபை பாட வேண்டிய ‘தூயவர்’ பாடலைக் கீபோர்டும் ஒலிபெருக்கியுமாகப் பாடகர் குழு எடுத்துக்கொள்கிறது. நற்கருணைக்குப் பின் வர வேண்டிய மௌனத்தை அறிவிப்புகள் விழுங்கிவிடுகின்றன. பழைய லத்தீன் பூசையை நாடுவோர் இந்த மௌனத்துக்காக ஏங்குவதில் நியாயம் உண்டு. மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று போப் பிரான்சிஸ் 2024இல் சொன்னதும் நம் ஊர்களில் பெரிதாக எடுபடவில்லை.

காணிக்கை கொடுத்துத் தம் வேண்டுதலுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்யும் ‘பூசைக் கருத்து’ விவகாரம் இதைவிடக் கனமானது. காணிக்கை கொடுத்தவர்களின் பெயர்களை வரிசையாக வாசித்து, எல்லோருக்கும் சேர்த்து ஒரே திருப்பலி ஒப்புக்கொடுக்கும் வழக்கம் பல கோவில்களில் நாள்தோறும் இருக்கிறது. கொடுத்தவர்களின் சம்மதத்தோடு, வாரத்துக்கு இரு நாள்களுக்கு மேல் போகாமல் மட்டுமே இப்படிச் செய்யலாம் என்று 1991இல் வத்திக்கான் வரையறுத்திருந்தது; 2025இல் அந்த விதி திருத்தப்பட்ட பிறகும் கொடுத்தவர்களின் சம்மதம் கட்டாயமாகவே இருக்கிறது. காணிக்கை தர முடியாத ஏழைகளின் கருத்துக்காகவும் குருக்கள் திருப்பலி நிறைவேற்ற வேண்டும் எனத் திருச்சபைச் சட்டம் வலியுறுத்துகிறது. பெயர் வாசிக்கப்படாத குடும்பங்களுக்கு இதை யார் சொல்லியிருக்கிறார்கள்?

அப்பம் பிடும் நேரத்தைக் கவனியுங்கள். குரு பெரிய அப்பத்தைப் பிட்டு, ஒரு சிறு துணுக்கைக் கிண்ணத்தில் இடுகிறார். சமாதானம் சொல்லும் சலசலப்பில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பிட்டதைப் பெரும்பாலும் அவரே உட்கொள்கிறார். மக்களுக்கு நற்கருணைப் பேழையிலிருந்து, முந்தைய திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட சிறு வட்ட அப்பங்கள் வருகின்றன. பிட்ட அப்பத்தில் சிலருக்காவது பகிர வேண்டும், அதே திருப்பலியில் அர்ச்சித்ததையே மக்கள் பெறுவது மிகவும் விரும்பத்தக்கது என்கிறது உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை. பலராக இருப்பவர்கள் ஒரே அப்பத்தில் பங்குகொண்டு ஒரே உடலாகிறார்கள் என்ற பவுலின் போதனை கண்ணுக்குத் தெரிய வேண்டிய இடம் இது. அங்கேதான் அது மறைந்துபோகிறது.

சாதி அந்தப் போதனையை இன்னும் ஆழமாகவே வெட்டியிருக்கிறது. வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வழக்கே நடந்தது. 2008இல் உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில், பாகுபாட்டைப் பொறுக்க முடியாத தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி மோதல் மூண்டு, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்களுக்கு இடையே நடந்த மோதல் அது. திருப்பலியின் அமைப்பில் இதற்குக் காரணம் இல்லை. அதன் பொருளை அன்பியம் எனும் சிறு குழுக் கூட்டங்களிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் உறைக்கும்படி சொல்லாமல் விட்டது நம் குற்றம்.

பங்குத்தந்தையருக்கு என் வேண்டுகோள் இதுதான்: வரும் ஞாயிறு, எல்லோரும் பார்க்கும்படி நிதானமாக அப்பத்தைப் பிடுங்கள். பிட்டதில் ஒரு பகுதியை மக்களுக்குக் கொடுங்கள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அன்றைய மறையுரையிலேயே விளக்குங்கள்.