அங்கியும் தறியும்

அபாயா என்னும் அரபு மேலங்கியை நம் கிழக்கிலங்கையில் ஹபாயா என்பர். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் ஊர்களில் பெண்கள் அணியும் இவ்வுடையைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் இரண்டு கட்சிகளில் அடங்கிவிடுகின்றன. அது பாலைவனத்து உடை, இம்மண்ணுக்கு அந்நியம் என்பது ஒரு கட்சி. அது மார்க்கத்தின் உடை, பிறர் வாய்திறக்கலாகாது என்பது மற்றக் கட்சி. துணியை நெய்தவர் யார், எவ்வகைப் பணம் அதை வாங்கியது என்று இரு சாராரும் கேட்பதில்லை. நெசவுக்குப் பேர்போன மருதமுனையை அருகில் வைத்துக்கொண்டு இக்கேள்வியை மறந்திருப்பது விந்தையன்றோ!

அந்நியம் என்ற வாதம் வரலாற்றின் முன் நிற்காது. 1905ஆம் ஆண்டில் எம். சி. அப்துல் காதர் என்ற வழக்கறிஞர் துருக்கித் தொப்பியுடன் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது பிரதம நீதியரசர் அதனை அனுமதிக்க மறுத்தார். அவ்வாண்டின் இறுதி நாளில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் திரண்டு தொப்பிக்காகக் குரலெழுப்பியது. அத்தொப்பி யாருடையது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தம் படைக்கும் உத்தியோகத்தருக்கும் விதித்த சீருடை அது. எகிப்தில் பிரித்தானியரிடம் தோற்று, 1883 முதல் 1901 வரை இலங்கையில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த ஒராபி பாஷாவின் செல்வாக்கால் இங்குள்ள முஸ்லிம் பிரமுகரிடையே அது பெருமை பெற்றது. 1925இல் அத்தாத்துர்க் அதே தொப்பியைத் துருக்கியில் சட்டத்தால் தடைசெய்தார். கொழும்பில் மார்க்க உரிமையாக முழங்கப்பட்ட பொருள், இருபதே ஆண்டுகளில், அது புறப்பட்ட நாட்டில் பிற்போக்கின் சின்னமாயிற்று. ஆகவே ஓர் உடை வெளியிலிருந்து வந்தது என்று சொல்வது ஒன்றையும் விளக்கிவிடாது. அது வந்த வழியை ஆராயவேண்டும்.

அரபு நாடுகளில் இவ்வங்கிகள் அணியப்படும் முறையை முதலில் நோக்குவோம். அபாயா, உடுத்த உடைக்கு மேலாக, வெளியே செல்கையில் போர்த்திக்கொள்வது. பெண்கள் தம் வீட்டினுள் அதைக் களைந்துவிடுவர். ஆண்கள் தோப் என்னும் நீண்ட அங்கியணிந்து, தலைத்துணியை அகால் என்னும் கறுப்பு வளையத்தால் நிறுத்துவர். அதற்கும் மேலே, பொற்சரிகை விளிம்பிட்ட பிஷ்த், செல்வருக்கும் தலைவருக்கும் சிறப்பு நாட்களுக்கும் உரியது. வர்க்கம் அங்கியின் விளிம்பிலேயே தைக்கப்பட்டிருக்கிறது எனலாம். கறுப்பு அங்கி வெயிலை அதிகம் உறிஞ்சுமே என்று கேட்போருக்கு, 1980இல் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது. அங்கி தளர்வாக இருப்பதால் உள்ளே புகுந்தோடும் காற்று மிகையான வெப்பத்தைத் தோலை அடையுமுன்னரே கொண்டுபோய்விடுகிறது என்று அது கண்டது. அது வரண்ட பாலையின் கதை. வியர்வை உலராத நம் கடற்கரை வெக்கையில், காற்றுப்புகாத செயற்கைத் துணியில் தைத்த உடைக்கு அந்த நியாயம் எவ்வாறு பொருந்தும்?

நம்மூர் ஆடவரோ வீட்டில் சாறன், அலுவலகத்தில் காற்சட்டை. ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் சிலர் ஜுப்பா அணிவர். தொழுகை முடிந்ததும் அது கொடிக்குப் போய்விடும். அரபுத் தோற்றத்தின் பாரத்தை அன்றாடம் சுமப்பவள் பெண். உடையொழுக்கம் போதிக்கும் பெரியோர் தம் காற்சட்டை எந்தத் தேசத்தது என்று ஒருபோதும் ஆராய்வதில்லை.

முன்னாளில் இப்பகுதிப் பெண்கள் சேலை முந்தானையையே முக்காடாக இட்டனர். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1970 முதல் 1977 வரையான ஆண்டுகளில் உள்நாட்டுக் கைத்தறி செழித்திருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அந்தக் கதவால் வெளிநாட்டுத் துணி உள்ளே வந்தது, தறிகள் தளர்ந்தன. அதே கதவால் ஏழைப் பெண்கள் வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாக வெளியேறினர். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடிமுறை நிலவுவதை வாசகர் அறிவர். வீடு மகளுக்குரிய சீதனம். மணமகன் அவள் வீட்டிற்கு வந்து வாழ்வான். அந்த வீட்டைக் கட்டும் பொருட்டே தாய்மார் பலர் கடல் கடந்தனர். திரும்புகையில் அவர்களது பெட்டியில் சவர்க்காரமும் வாசனைத் தைலமும் இருந்தன, ஹபாயாவும் இருந்தது. மார்க்கப் பிரசாரத்தின் பங்கை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பிரசாரம் பயணம் செய்த பாதையை உழைப்புச் சந்தையே வெட்டிக்கொடுத்தது.

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் அப்பாதையால் சென்றவள். வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் 2005இல் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டாள். அவள் பொறுப்பில் விடப்பட்டிருந்த கைக்குழந்தை இறந்தது. கொலைக்குற்றம் சாட்டப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டாள். அரபு அங்கியை வியப்போரும் வெறுப்போரும் அந்த அங்கிகளைத் துவைத்துத் தேய்த்து மடித்துவைக்கும் இத்தகைய சிறுமிகளைக் கண்ணெடுத்துப் பார்த்ததுண்டா?

இவ்விடத்தில் நம் முற்போக்கு நண்பர்களுடனும் வாதாட வேண்டியிருக்கிறது. ஹபாயா அணிந்த பெண்ணைச் சூத்திரப் பாவையாக எழுதுவது அவர்களது வழக்கமாகிவிட்டது. 1990களில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருக்கும் மாணவியரைப் பாருங்கள். ஊராரின் சந்தேகத்தை ஓர் அங்கியால் அடக்கிவிட்டுப் படலையைக் கடந்து வந்தவர்கள் அவர்களிற் பலர். பழஞ்சட்டையை மறைக்கவும், நாளொரு சேலைக்குச் செலவழிப்பதைத் தவிர்க்கவும் அது உதவுகிறது. இறைபக்தியால் மனமுவந்து அணிவோரும் பலர். அந்த மனத்தை நாம் அவமதிக்கலாகாது. படிப்புக்கும் தொழிலுக்குமாகப் பெண் செய்துகொண்ட பேரமாகவும் இது இருக்கிறது. அப்பேரத்தை ஆண் ஏன் செய்யவேண்டியதில்லை என்பதே எழுத்தாளன் கேட்கவேண்டிய கேள்வி.

அரசும் நிறுவனங்களும் கேட்பது வேறு. 2018இல் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகளின் ஹபாயா இனப்பிரச்சினையாக வெடித்தது. ஒரே அடக்குமுறையின் கீழ் அவதியுற்ற இரு சமூகங்களின் ஆசிரியைகள் சேலைக்கும் அங்கிக்குமாகப் பிரிந்து நின்றனர். 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறுப் படுகொலை. 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதுவில் குழந்தைகளும் மாண்ட குண்டுவெடிப்பு. 29ஆம் திகதி அவசரகால விதியால் முகத்தை மூடும் உடைக்குத் தடை. ஹபாயா முகத்தை மூடுவதன்று. ஆயினும் தெருவிலும் வைத்தியசாலையிலும் அதை அணிந்தவர்கள் இழிவுபடுத்தப்பட்டனர். ஒரு கொலைக்கூட்டத்தின் குற்றத்திற்கு எழுதுவினைஞரும் தாதியும் ஆசிரியையும் பதில் சொல்ல நேர்ந்தது. அடுத்த மாத இறுதியில், அரச அலுவலகப் பெண்கள் சேலை அல்லது ஒசரியே உடுக்கவேண்டுமெனப் பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை விடுத்தது. எதிர்ப்புக் கிளம்பவே அது பின்னர் மாற்றப்பட்டது.

உடுப்பவளைக் கேளாமல் விதிக்கும் வழக்கத்தில் அமைச்சுக்கும் பள்ளிவாசல் மேடைக்கும் பெரிய பேதம் காணோம். மருதமுனைத் தறிகளில் இன்றும் சாறனும் சேலையும் நெய்யப்படுகின்றன. சேலையெனக் கட்டளையிட்ட அதிகாரிக்கு அது எங்கே நெய்யப்பட்டதென்ற கவலை இருந்ததாகத் தெரியவில்லை. கப்பலில் வந்திறங்கிய நைலோன் சேலையை உடுத்திருந்தாலும் அவரது விதி குறைவின்றி நிறைவேறியிருக்கும்.