கொக்கியில் தொங்கும் ஏழு கிலோ

நீண்ட வெளிநாட்டுப் பயணத்துக்காக வாங்கிச் சேர்த்ததில் ஆக மலிவான பொருள் இந்தத் தூக்குத் தராசு. ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்குப் பிடி, அதில் சின்னத் திரை, கீழே ஒரு நாடா, நாடா நுனியில் கொக்கி. 50 கிலோ வரை தூக்கும், 10 கிராம் கணக்கில் காட்டும். இதே அச்சில் வார்த்ததைப் பல பெயர்களில் விற்கிறார்கள். என்னுடையதில் ஒட்டியிருந்த பெயர் இரண்டு வாரத்தில் உரிந்துபோனது, கம்பெனியைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல முடியும்.

தராசு உண்மை பேசுகிறதா என்று பார்க்கத் திருவையாற்றில் ஆய்வகம் தேவையில்லை. நெல் விளையும் ஊரில் எடை விளையாட்டுச் சங்கதி அல்ல. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் தராசில் ஏறும்போது அத்தனை கண்ணும் அந்த எண்ணில்தான் இருக்கும். தெருமுனை மளிகைக்கடையில் முத்திரை குத்திய 5 கிலோ எடைக்கல்லைக் கேட்டு வாங்கி, மஞ்சப்பையில் போட்டுத் தூக்கினேன். 5.04. மறுபடி தூக்கினால் 5.06. பைக்குக் கொஞ்சம் தள்ளினால் குறை சொல்ல இடமில்லை. உள்ளே ஓர் உலோகத் துண்டு பாரத்துக்கு ஏற்ப மயிரிழை வளைகிறது. அதில் ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை மாறுவதை எண்ணாக்கிக் காட்டுகிறது. பை அசையாமல் தொங்க வேண்டும். தொடையில் உரசினால் அரைக் கிலோ காணாமல் போய்விடும், அந்தப் பொய்யை விமான நிலையத் தராசு ஒப்புக்கொள்ளாது.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போகும் ஏர் ஏசியாவில் காசு கட்டாமல் கையோடு கொண்டுபோக 7 கிலோ. பெரிய பை, சின்னப் பை இரண்டும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. சிங்கப்பூர் போகும் ஸ்கூட் 10 கிலோ தருகிறது. என் வழி கோலாலம்பூர், பினாங்கு, ஹாட்யாய், பாங்காக், சியம் ரீப். ஆகவே ஏழு. 40 லிட்டர் முதுகுப்பையே காலியாக ஒன்றரைக் கிலோ. மிச்சம் ஐந்தரையில் குடித்தனம் நடத்த வேண்டும். (உழவாரத்தோடு கயிலைக்குக் கிளம்பிய அப்பர் கடைசியில் எங்கள் ஊரிலேயே அந்தக் காட்சியைக் கண்டார் என்று ஆடி அமாவாசைக்கு விழா எடுக்கிறோம். அவருக்கு எடை வரம்பு கிடையாது.)

இங்கேதான் தராசின் குணம் தெரிந்தது. முதுகுப்பை "இன்னும் இடம் இருக்கிறது" என்று ஆசை காட்டிக்கொண்டே இருக்கும். தராசுக்கு அந்த இரக்கம் இல்லை. ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டினேன். ஜீன்ஸ் 720 கிராம், வீட்டிலேயே நின்றது. டர்க்கி டவல் 540. ஈரிழைத் துண்டோ 150தான். வெயிலில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும், தலையில் கட்டலாம், பேருந்தில் இடம் பிடிக்கலாம். பயணக்காரர்கள் நல்ல விலை கொடுத்து வாங்கும் மைக்ரோஃபைபர் துண்டையும் இரவல் வாங்கி எடை போட்டேன், பெரிய வித்தியாசமில்லை. ஈர உடம்பில் அது பல்லியாக ஒட்டிக்கொண்டு இழுக்கும். அதை வாங்கச் சொல்கிறவர்கள் குளித்துவிட்டு ஒருமுறையாவது அதால் துவட்டிப் பார்த்தார்களா என்பது என் நெடுநாள் சந்தேகம்.

ஐம்பது கிராமுக்குக் கீழ் உள்ளதை இந்தத் தராசு கண்டுகொள்வதில்லை. குறைதான், ஆனால் அதனால் ஒரு லாபம். சார்ஜர், ஒயர்கள், மாத்திரைகள், பூட்டு, பவர் பேங்க் எல்லாவற்றையும் ஒரே சுருக்குப்பையில் போட்டுத் தூக்கினால் 910 கிராம்! சட்டைகளைக் குறைப்பதிலேயே குறியாக இருந்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. பவர் பேங்கை விட முடியாது, செக்-இன் சாமானிலும் போடக் கூடாது. மூன்று ஒயர்களில் இரண்டு கழன்றன. அம்மாவின் புளிக்காய்ச்சலை 100 மில்லி விதி தடுத்தது, பருப்புப்பொடி தப்பியது. பினாங்கு உறவினருக்கு அசோகா அல்வா, டப்பாவோடு 590 கிராம். வீட்டில் பெரிய விவாதம் நடந்து, கடைசியில் இரண்டாவது ஜோடிச் செருப்பு வெளியேறியது.

இனி என் கோபம். தராசை உயிர்ப்பிக்கும் பொத்தானும் அளவை மாற்றும் பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவில், ஒரே நிறத்தில். விரல் சற்று நகர்ந்தால் கிலோ பவுண்டாகும், பவுண்டு அவுன்ஸாகும், அடுத்து ஜின். ஜின் என்பது சீனக் கடைத்தெருவின் அரைக் கிலோ. திருச்சி விமான நிலைய வரிசையில் கடைசியாக ஒருமுறை தூக்கிப் பார்த்தபோது, வீட்டில் 6.85 காட்டிய பை 13.70 காட்டியது. பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து, "என்ன சார், கல்லா ஏத்திக்கிட்டுப் போறீங்க?" என்றார். எந்த அளவு என்று சொல்லும் எழுத்து திரை ஓரத்தில் கடுகளவு. இந்த நாட்டில் சேரையும் வீசையையும் ஒழிக்க 1956இலேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே விற்கும் தராசுக்கு ஜின் எதற்கு? அந்தப் பொத்தானின் மேல் பிளாஸ்திரி ஒட்டிய பிறகுதான் நிம்மதி.

தராசே 95 கிராம். அதையும் சுமக்க வேண்டுமா? போகும்போது தேவையில்லை, வீட்டிலேயே வேலை முடிந்துவிடுகிறது. திரும்பும்போதுதான் அதன் அருமை. கம்போடியாவின் கம்போட் மிளகு அரைக் கிலோ வாங்க நினைத்து, விடுதி அறையில் பையைத் தூக்கிப் பார்த்து, கால் கிலோவோடு நிறுத்தினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களும் வரிசையாக இரவல் வாங்கினார்கள். நான் சுமப்பேன்.

வாங்குவதானால் நாடா வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் கொக்கி மட்டும் உள்ளது இன்னும் எடை குறைவு, ஆனால் முதுகுப்பையின் தடித்த பிடிக்குள் நுழையாது. பட்டன் செல் ஒன்று கூடவே வாங்கிவிடுங்கள், கடையிலிருந்து வரும் செல் அரை உயிரோடுதான் வருகிறது.