நன்னூலார் கண்ட மாணாக்கர்: ஓர் அளவுகோல் ஆராய்ச்சி

மாணாக்கர்தம் நன்னடத்தையையும் தீநடத்தையையும் அளந்து வகுத்தல் மேனாட்டு உளவியலார் கண்ட புதுமை என்பார் உளர். கி. பி. 13ஆம் நூற்றாண்டளவிற் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் அக்கூற்றை மறுக்கும். ஆண்டுத் தலைமாணாக்கர்க்கு அன்னமும் பசுவும், இடைமாணாக்கர்க்கு மண்ணும் கிளியும், கடைமாணாக்கர்க்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பனவும் உவமையாயின. நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பற்றும் பன்னாடையை நம் தீவகத்தார்க்கு விளக்க வேண்டுவதின்று.

இவ்வெட்டனையும் கூர்ந்து நோக்கின் ஒரு குறை புலனாகும். அன்னம் தனக்கே பாலைப் பிரிக்கின்றது. பசு தானே மேய்ந்து தானே அசைபோடுகின்றது. (பசு பால் தருமே எனின், உரையாளர் அசைபோடுதலையே பொருளாகக் கொண்டனர்.) இல்லிக்குடம் இழப்பதும் தன் நீரையே. எருமை ஒன்றே நீரைக் கலக்கிப் பிறர்க்குக் கேடு விளைப்பது. அதனையும் ஆசிரியனை வருத்துதலாகவே கொண்டனரன்றிப் பின்னர் நீருண்ண வரும் உடன்மாணாக்கரை நினைந்திலர்.

1988இல் டெனிஸ் ஓர்கன் என்னும் அமெரிக்க அறிஞர், எவரும் ஏவாதிருக்கவும் ஊழியர் ஒருவர்க்கொருவர் செய்யும் உதவியை 'நற்குடிமை நடத்தை' என்னும் பெயரால் ஆராய்ந்து நூல் வெளியிட்டார். அவ்வளவுகோலை மாணவர்பால் நீட்டுவாரும் உளர். தான் எழுதிய குறிப்பை வராதவர்க்கு ஈதல் ஒருபாலும், நூலகப் புத்தகத்தை ஒளித்துவைத்தல் மறுபாலும் நிற்கும். இவை எட்டுவமையுள் அடங்கா.

ஆயின் அப்பாயிரத்திலேயே பிறிதோர் அளவு உண்டு. ஆசிரியன்பால் நிரம்பக் கேட்பினும் பெறுவது காற்கூறே. உடன்பயில்வாரோடு பழகுதலால் ஒரு கால். பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரை. உவமையினும் இக்கணக்கே உயர்ந்தது என்பது என் துணிபு. பிறரோடு கூடிய நடத்தையைப் புலமையின் முக்காற் பங்காக வைத்தமை வியத்தற்குரியது.

அந்நூலே கற்பித்தற்குத் தகாதார் வரிசையிற் கள்வனோடு துயில்வோனையும் நிறுத்தும். யான் வெளிவாரிப் பட்டத்துக்குப் பயின்ற நாளில் நெடுந்தீவு நண்பர் ஒருவர் இரவெல்லாம் நூலைப் படித்துவிட்டு, விடியற் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கிப் பேருந்திற் பட்டினம் சேர்ந்து, வகுப்பிற் கண்ணயர்வார். விரிவுரையாளர் அவர் பெயருக்கெதிரே 'அக்கறையில்லாதவர்' எனக் குறித்தார். மாலையிற் படகுக்காகத் துறைமுகத்திற் காத்திருக்கையில் அவரே எமக்கு அன்றைய பாடத்தை விரித்துரைப்பார். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளிற் குறிப்புகளை அஞ்சலில் விடுப்பார்.

தகாதார் வரிசை அவரைப் புறந்தள்ளும். காற்கூற்றுக் கணக்கோ அவர்க்கு அரை வழங்கும். உடன்பயில்வாரால் வரும் காலை யான் பெற்றது அவரிடத்தே.