பன்னிரண்டு ஷீட்டில் ஒரு வண்டி நம்பர்

நாமக்கல் லாரி ஆபீஸ் ஒன்றின் டிரிப் கணக்கு ஃபைலை வைத்துத்தான் இந்தச் சோதனை. ஏப்ரல் முதல் மார்ச் வரை மாதத்துக்கு ஒரு எக்செல் ஷீட். பி நெடுவரிசையில் வண்டி நம்பர். பக்கத்திலேயே லோடு, வாடகை, டீசல், டிரைவர் பேட்டா. மாதக் கணக்கு முடிக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால், ஒரு வண்டி வருஷம் முழுக்க எத்தனை டிரிப் அடித்தது என்று கேட்டால் பன்னிரண்டு ஷீட்டையும் புரட்ட வேண்டும். டயர் மாற்றுவதா, வண்டியை விற்பதா என்பதெல்லாம் அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் முடிவாகிறது.

ஒரு ஷீட்டுக்குள் எண்ண 'கவுண்ட்இஃப்' போதும். 'டிஎன்28' என்று எழுதி நட்சத்திரக் குறி போட்டால் நாமக்கல் பதிவு வண்டிகளின் டிரிப்புகளை மொத்தமாகவும், 'டிஎன்34' என்றால் திருச்செங்கோட்டு வண்டிகளின் டிரிப்புகளையும் எண்ணித் தரும். ஆனால் 'ஏப்ரல்:மார்ச்' என்று ஷீட்டுகளைக் கோத்துக் கொடுத்தால் 'வேல்யூ' பிழைதான் வரும். 'சம்' ஏற்கும் இந்தக் கோவையை 'கவுண்ட்இஃப்' ஏற்காது.

பழைய எக்செல்லுக்கு ஒரு சுற்றுவழி உண்டு. ஷீட் பெயர்களை ஓரிடத்தில் பட்டியலாக எழுதி, 'இன்டைரக்ட்' மூலம் 'கவுண்ட்இஃப்'புக்குக் கொடுத்து, வரும் விடைகளை 'சம்புராடக்ட்' கொண்டு கூட்ட வேண்டும். வேலை செய்கிறது. ஆனால் ஃபைலில் எதை மாற்றினாலும் 'இன்டைரக்ட்' மறுபடி கணக்குப் போடும். நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு எழுதினால் கம்ப்யூட்டர் திணறும். யாராவது ஷீட் பெயரை மாற்றினால் 'ரெஃப்' பிழை வரும். அது நல்லதுதான். தப்பு கண்ணில் படுகிறதே!

மைக்ரோசாஃப்ட் 365, எக்செல் 2024 வைத்திருப்பவர்களுக்கு 'விஸ்டாக்' இருக்கிறது. இது 'ஏப்ரல்:மார்ச்' கோவையை ஏற்று, ஒவ்வொரு ஷீட்டின் பி2 முதல் பி400 வரையுள்ளதை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கித் தரும். அந்த அடுக்கில் நம் வண்டி நம்பருக்குச் சமமானவற்றை 'சம்' வைத்து எண்ணிக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. லாரி ஆபீஸில் ஒருவர் 'டிஎன்28' என்று சேர்த்து அடிப்பார், இன்னொருவர் 'டிஎன் 28' என்று இடைவெளி விடுவார். 'கவுண்ட்இஃப்' இரண்டையும் வேறு வேறு வண்டியாகவே பார்க்கும். 'விஸ்டாக்' அடுக்கின்மேல் 'சப்ஸ்டிடியூட்' போட்டு, இடைவெளியை நீக்கிவிட்டு ஒப்பிட்டால் விட்டுப்போன டிரிப்புகளும் கணக்கில் வந்துவிடுகின்றன. முதலாளிக்குத் தேவையான சரியான எண் இதுதான்.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஷீட்டுகள் கீழே எந்த வரிசையில் நிற்கின்றனவோ, அதுதான் கணக்கு. ஜூலை ஷீட்டை யாராவது இழுத்து மார்ச்சுக்கு அப்பால் போட்டால், ஜூலை டிரிப்புகள் எந்தப் பிழையும் காட்டாமல் மறைந்துவிடும்.

கூகுள் ஷீட்ஸில் 'ஏப்ரல்:மார்ச்' போன்ற கோவையே கிடையாது. பன்னிரண்டு ஷீட்டையும் நெளிவு அடைப்புக்குள் அரைப்புள்ளி போட்டு வரிசையாக எழுத வேண்டும். ஃபார்முலா நீளம்தான், ஆனால் இலவசம், ஷீட் பெயர் மாறினாலும் தானே திருத்திக்கொள்ளும்.

என் தீர்ப்பு: புது எக்செல் இருந்தால் 'விஸ்டாக்', இல்லையென்றால் கூகுள் ஷீட்ஸ். அடுத்த ஏப்ரலில் புது ஃபைல் தொடங்குபவர்கள் மாதத்தை ஒரு நெடுவரிசையாக வைத்து, வருஷம் முழுவதையும் ஒரே ஷீட்டில் எழுதுங்கள். வண்டி நம்பரை எல்லோரும் ஒரே மாதிரி அடித்தால் வெறும் 'கவுண்ட்இஃப்' போதும்.